கண்ணாடிக்குப் பின்னால் போத்திச்செல்லி: மறுமலர்ச்சிக் கால ஓவியங்களை எங்கே படமெடுக்க விடுவார்கள், எப்படி எடுப்பது?

அரைநிழல்
மிலான், வெனிஸ், புளோரன்ஸ், ரோம், கடைசியில் மாட்ரிட் என்று 12 நாள் திட்டம். ஒரே ஊரில் ஒரு கட்டடத்தில் விடுகிறார்கள், அடுத்த கட்டடத்தில் தடுக்கிறார்கள் என்கிறார்கள். மூன்று கேள்விகள். எங்கே அறவே எடுக்க முடியாது? ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமராவுடன் 35 மி.மீ., 85 மி.மீ. லென்ஸ் இரண்டும் (இரண்டுமே எஃப் 1.8 வரை திறப்பவை) போதுமா, இல்லை போனே போதுமா? பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் வாங்கலாமா? ட்ரைபாட் கூடாது என்பது தெரியும்.

கல்தச்சன்
ஊர்வாரியாக விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். சுவர் யாருடையது என்று பாருங்கள், பாதி விடை கிடைத்துவிடும்.

இத்தாலிய அரசின் அருங்காட்சியகம் என்றால் (புளோரன்ஸில் உஃபிஸி, அக்காதெமியா, மிலானில் பிரேரா, ரோமில் போர்கேசே) 2014-இல் வந்த சட்டம்தான் கணக்கு. வருமான நோக்கமில்லாமல் எடுப்பவர் கட்டணம் கட்ட வேண்டாம், முன் அனுமதியும் வேண்டாம். பொருளைத் தொடக் கூடாது, அதன் மேல் வெளிச்சம் பாய்ச்சக் கூடாது, ஸ்டாண்டு ஊன்றக் கூடாது. 2017-இல் இதே சலுகையை ஆவணக் காப்பகங்களுக்கும் நூலகங்களுக்கும் நீட்டினார்கள். 2014-க்கு முன்னால் போய்வந்தவர்கள் எழுதிய பயணக் குறிப்புகளில் ‘உஃபிஸியில் தடை’ என்று இருக்கும். அதை நம்பாதீர்கள்.

தேவாலயம் என்றால் அந்த ஆலயத்தின் முடிவுதான். வாசலில் ஒட்டியிருப்பதைப் படியுங்கள். பூசை நடக்கும்போது கேமராவைப் பைக்குள் வைத்துவிடுவதே மரியாதை. பல ஆலயங்களில் பீடத்துக்கான விளக்கு, நாணயம் போட்டால் சில நிமிடம் எரியும் வகை. சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். வேறு யாராவது போடட்டும் என்று காத்திருப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

வத்திக்கான் தனி நாடு, இத்தாலியச் சட்டம் அங்கே செல்லாது. ரஃபேல் அறைகள் உட்பட அருங்காட்சியகத்தின் பெரும்பகுதியில் ஃப்ளாஷ் இல்லாமல் எடுக்கலாம். சிஸ்டைன் சிற்றாலயத்தில் படமும் கூடாது, வீடியோவும் கூடாது.

மாட்ரிட்டில் பிராடோ: காட்சிக்கூடங்களுக்குள் படமெடுக்கவே கூடாது. போஷின் ‘உலகின்பத் தோட்டம்’, வான் டெர் வெய்டனின் ‘சிலுவையிலிருந்து இறக்குதல்’, ஃப்ரா அஞ்சேலிக்கோவின் ‘மங்கள வார்த்தை’ மூன்றும் அங்கே. கண்ணால் பார்த்துவிட்டு வரவேண்டியதுதான்.

மின்மினி77
சிஸ்டைன் தடைக்குக் காரணம் ஜப்பான் டிவி கம்பெனிதானே? ஒப்பந்தம் இன்னும் ஓடுதுன்னு கைடுகள் சொல்றாங்க.

கல்தச்சன்
பாதி உண்மை. 1980-இல் தொடங்கி 1994-இல் முடிந்த சுத்திகரிப்புக்கு நிப்பான் டிவி பணம் கொடுத்தது. பதிலுக்குப் படமெடுக்கும் தனியுரிமையை வாங்கிக்கொண்டது. ஆனால் அந்த உரிமை ஒவ்வொரு பகுதியும் முடிந்து மூன்று ஆண்டு வரைதான். மைக்கலாஞ்சலோவின் ‘இறுதித் தீர்ப்பு’ச் சுவர் 1994-இல் முடிந்ததால் 1997-ஓடு கணக்குத் தீர்ந்தது. இன்றைய தடை வத்திக்கானின் சொந்த முடிவு. கூட்டம் நகர வேண்டும், அது வழிபாட்டு இடமும்கூட. கூரையை நிதானமாகப் பார்க்க வேண்டுமென்றால் வத்திக்கான் அருங்காட்சியக இணையதளத்தில் 360 பாகைச் சுற்றுக்காட்சி இருக்கிறது. கழுத்தும் வலிக்காது.

எண்ணெய்ச்சாயம்
இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இருட்டைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். இன்றைய கேமராவுக்கு இருட்டு பெரிய தொல்லையில்லை. பிரதிபலிப்புதான் படத்தைக் கெடுக்கும்.

முதலில் வெளிச்சக் கணக்கு. எண்ணெய் ஓவியங்களுக்கும் டெம்பரா (முட்டைக்கரு கலந்த சாயம்) பலகைகளுக்கும் அருங்காட்சியகங்கள் பொதுவாக 150 முதல் 200 லக்ஸ் (வெளிச்ச அளவு) வரை வைப்பார்கள். காகிதத்தில் தீட்டியவற்றுக்கு 50 லக்ஸ். 200 லக்ஸில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 100, எஃப் (லென்ஸ் திறப்பு, எண் கூடினால் திறப்பு சிறுக்கும்) 2.8 என்றால் ஷட்டர் ஏறத்தாழ 1/10 நொடி. ஐஎஸ்ஓ 800-க்கு ஏற்றினால் 1/80. எஃப் 5.6-க்கு மூடினால் ஐஎஸ்ஓ 3200-இல் அதே 1/80. 50 லக்ஸ் அறையில் எஃப் 2.8, ஐஎஸ்ஓ 1600-இல் 1/40 கிடைக்கும். கைநடுக்கம் தடுக்கும் வசதி உள்ள கேமராவில் இதெல்லாம் கையால் எடுக்கக்கூடியவை.

எஃப் 1.8-இல் எடுக்காதீர்கள். ஓவியம் தட்டையானது, ஆழப் புலம் (முன்னும் பின்னும் தெளிவாக விழும் தூரம்) எதற்கு என்று தோன்றும். ஆனால் முழுதாகத் திறந்த லென்ஸில் நான்கு மூலையும் இருண்டு மங்கும். முகத்தை எடுக்கும்போது அது தெரியாது, பலிபீட ஓவியத்தின் மூலையில் மண்டியிட்ட புனிதர் மங்கினால் உடனே தெரியும். எஃப் 4 நல்ல இடம்.

இன்னொன்று, சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டர். அமைதியான கூடத்தில் நாகரிகம்தான், ஆனால் சில எல்இடி விளக்குகள் ஐரோப்பிய மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை மினுக்கும். படத்தில் கிடைக் கோடுகளாக அது விழும். முதல் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கோடு தெரிந்தால் 1/50 அல்லது 1/100-க்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் மெக்கானிகல் ஷட்டருக்குப் போங்கள்.

சந்திலொருவன்
போலரைசர் வாங்கிடுங்க தம்பி. கண்ணாடிப் பளபளப்பை அதுதான் வெட்டும்.

எண்ணெய்ச்சாயம்
அண்ணே, இதில் ஒத்துப்போக முடியவில்லை. கண்ணாடியை நேராகப் பார்க்கும்போது போலரைசர் ஒன்றுமே செய்யாது. அது நன்றாக வேலை செய்வது செங்குத்திலிருந்து ஏறத்தாழ 56 பாகை சாய்ந்து பார்க்கும்போது. ஓவியத்தை அந்தக் கோணத்தில் யாரும் எடுப்பதில்லை. அதற்கு விலையாக ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் பாதி) வெளிச்சம் போகும்: 1/80 இருந்த இடத்தில் 1/20. வார்னிஷின் மேல் விழும் விளக்குப் பொட்டுக்கும் இதே கதைதான். ஸ்டூடியோவில் விளக்கு முன்னாலும் போலரைசர் தாள் போட்டுக் குறுக்காக வைப்பார்கள், அது அற்புதமாக வேலை செய்யும். அருங்காட்சியக விளக்கு நம் கையில் இல்லையே.

பக்கவாட்டில் நின்று எடுக்கும் கண்ணாடிப் பெட்டிகளுக்கு மட்டும் உதவும். புளோரன்ஸில் துவோமோ (பேராலய) அருங்காட்சியகத்தில் கிபெர்த்தியின் ‘சொர்க்க வாயில்’ கதவுகள் நைட்ரஜன் நிரப்பிய பெட்டிக்குள் இருக்கின்றன. அங்கே சாய்ந்து நின்று விவரம் எடுக்கும்போது கண்ணாடியின் பளபளப்பு குறையும், பொன்முலாம் பூசிய வெண்கலத்தின் பளபளப்பு அப்படியே இருக்கும். உலோகத்திலிருந்து திரும்பும் ஒளியைப் போலரைசரால் அந்த மாதிரி வெட்ட முடியாது.

அரைநிழல்
அப்படியானால் கண்ணாடிக்கு என்னதான் வழி? லென்ஸைக் கண்ணாடியில் ஒட்டி வைத்து எடுக்கலாமா? ரப்பர் ஹூட் வைத்திருக்கிறேன்.

கல்தச்சன்
ஓவியத்தின் கண்ணாடியைத் தொடவே கூடாது. பல கூடங்களில் நெருங்கினாலே ஒலிக்கும் அலாரம் உண்டு. இத்தாலியச் சட்டத்திலும் ‘தொடாமல்’ என்பது நேரடி நிபந்தனை. ரப்பர் ஹூடை மீன்தொட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய்ச்சாயம்
கண்ணாடிக்குச் செலவில்லாத வழிகள் இருக்கின்றன.

கறுப்பு அல்லது கருநீலச் சட்டை போடுங்கள். கண்ணாடியில் முதலில் தெரிவது நம் வெள்ளைச் சட்டையும் கேமராவில் எழுதிய பிராண்டுப் பெயரும்தான். பெயருக்கு மேல் ஒரு துண்டு கறுப்பு டேப் போதும்.

அடுத்தது பக்கம் நகரும் உத்தி. கண்ணாடியில் உங்கள் உருவம் உங்களுக்கு நேரெதிரேதான் விழும். ஓவியத்தின் ஓரத்தைத் தாண்டி நின்றுகொள்ளுங்கள், ஆனால் கேமராவை ஓவியத்தை நோக்கித் திருப்பாதீர்கள். சுவருக்கு நேராகவே பார்க்கட்டும். 35 மி.மீ. போன்ற அகல லென்ஸில் ஓவியம் சட்டகத்தின் ஒரு பாதியில் வந்து உட்காரும், மறுபாதி வெற்றுச் சுவர். சுவரை வெட்டி எறிந்தால் செவ்வகம் கோணாத, உங்கள் உருவம் விழாத படம் மிஞ்சும். பிக்சலில் பாதி போய்விடும், அதுதான் விலை. விலை உயர்ந்த ஷிஃப்ட் லென்ஸ் செய்கிற வேலையைத்தான் இது மலிவாகச் செய்கிறது. எதிர்ச்சுவரில் சன்னல் இருந்தால் மட்டும் எந்தப் பக்கம் நகர்வது என்று யோசித்து நகருங்கள், இல்லாவிட்டால் உங்களுக்குப் பதில் சன்னல் வந்து விழும்.

உஃபிஸியில் போத்திச்செல்லியின் ‘வசந்தம்’, ‘வீனஸின் பிறப்பு’ இரண்டும் கண்ணாடிக்குப் பின்னால்தான். நல்ல பிரதிபலிப்புத் தடைக் கண்ணாடி, ஆனாலும் மிச்சப் பிரதிபலிப்பு லேசான பச்சை அல்லது ஊதாச் சாயலில் வரும். அதை ஓவியத்தின் நிறம் என்று நினைத்து மென்பொருளில் திருத்தத் தொடங்கினால் வீனஸின் தோல் செங்கல் நிறமாகிவிடும்.

மின்மினி77
செவ்வகம் கோணாம இருக்குன்னு கையில வச்சிருக்கும்போதே எப்படிக் கண்டுபிடிக்கறது?

எண்ணெய்ச்சாயம்
திரையில் கட்டக் கோடுகளை இயக்குங்கள். ஓவியச் சட்டத்தின் இடதும் வலதும் அந்தக் கோடுகளுக்கு இணையாக வரும்வரை லென்ஸை மேலும் கீழும் சாயுங்கள். கேமராவின் மட்டக்கருவியை நம்பி நேராகப் பிடித்தால் ஏமாறுவீர்கள். பல ஓவியங்களின் மேல்விளிம்பை முன்னால் தள்ளிச் சாய்த்துத்தான் மாட்டுகிறார்கள். அந்தச் சாய்வுக்கு ஏற்ப நம் லென்ஸும் சற்று மேல்நோக்க வேண்டும்.

மீதியை வீட்டில் திருத்தலாம், ஆனால் திருத்தும்போது நீளஅகல விகிதம் மாறிவிடும், அது கண்ணுக்குத் தெரியாது. அளவை வைத்துச் சரிபாருங்கள். ‘வீனஸின் பிறப்பு’ 172.5 x 278.5 செ.மீ., அதாவது விகிதம் 1.61. திருத்திய படத்தில் 1.55 வந்தால் வீனஸ் ஒல்லியாகிவிட்டாள் என்று பொருள்.

இதற்காகவே ஒவ்வொரு ஓவியத்துக்குப் பின்னும் பெயரட்டையை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஓவியரும் ஆண்டும் பதிவாகும், அளவு அச்சிட்டிருந்தால் அதுவும் கிடைக்கும். வெள்ளை அட்டையாக இருந்தால் அதே விளக்கின் கீழ் வெண்சமநிலைக்கு, அதாவது வெள்ளை வெள்ளையாகவே வர நிறத்தைச் சரிசெய்ய, ஒரு பார்வைப்புள்ளியும் கிடைத்துவிடும். நிறம் சரிபார்க்கும் சாம்பல் அட்டையை ஓவியத்துக்குப் பக்கத்தில் நீட்டினால் காவலர் ஓடி வருவார், பெயரட்டை ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறது. ‘ரா’ கோப்பில் (கேமரா திருத்தாத மூலக் கோப்பு) எடுங்கள், தானியங்கி வெண்சமநிலை மஞ்சளேறிய பழைய வார்னிஷைப் ‘பிழை’ என்று எண்ணி நீலத்துக்கு இழுக்கும். மாதாவின் மேலங்கி கெட்டுப்போவது பெரும்பாலும் இப்படித்தான்.

சந்திலொருவன்
சரி, போலரைசரை வாபஸ் வாங்கிக்கிறேன். தங்கப் பின்னணிக்கு என்ன செய்றது? ஒரு படத்துல தங்கம் கறுப்பா வருது, அடுத்ததுல வெள்ளையா எரியுது.

எண்ணெய்ச்சாயம்
நல்ல கேள்வி. மெருகேற்றிய தங்க ரேக்கு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி. எதிரே இருட்டான கூடம் இருந்தால் அதைக் காட்டும், அதனால் பழுப்பாகவோ கறுப்பாகவோ தெரியும். விளக்கை நேராகக் காட்டினால் எரிந்துபோகும். தஞ்சாவூர்ப் படம் எடுத்துப் பார்த்தவர்களுக்கு இந்தத் தொல்லை புதிதல்ல. அங்கேயும் ரேக்குதான், மேடுபடுத்திய வேலைப்பாடுதான்.

உஃபிஸியில் ஜென்தீலே தா ஃபப்ரியானோவின் ‘ஞானிகளின் வணக்கம்’ (1423) முன்னால் நின்று இதைப் பழகலாம். கிரீடங்களும் அங்கிகளின் ஓரங்களும் சுண்ணச் சாந்தில் மேடாக்கி, மேலே தங்கம் போர்த்தியவை. அரை அடி இடப்பக்கம், அரை அடி வலப்பக்கம் நகர்ந்து பாருங்கள். ஒரு புள்ளியில் தங்கம் எரியாமல் மங்காமல் தேன்நிறத்தில் நிற்கும். ஆளுயரத்திலிருந்து கொஞ்சம் குனிந்தாலும் மாறும். எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் குறைத்து ஒன்று, முகங்களுக்காகச் சரியான அளவில் ஒன்று என்று அதே இடத்தில் நின்று இரண்டு எடுத்தால் பிறகு சேர்க்கலாம். போனின் எச்டிஆர் (பல எக்ஸ்போஷரைச் சேர்க்கும் வசதி) இதைத் தானே செய்கிறேன் என்று கிளம்பி, தங்கத்தையும் மஞ்சள் சாயத்தையும் ஒரே மாதிரி ஆக்கிவிடும். கிழவர் குழந்தை எல்லோருக்கும் ஒரே பவுடர் பூசினது போல இருக்கும்.

மின்மினி77
போன் பத்தி நான் சொல்றேன். இப்போ உள்ள போன் போதும், ஆனா மூணு இடத்துல சறுக்கும்.

மங்கின வெளிச்சத்துல 3எக்ஸ் அழுத்தினாலும் பல போன்கள் டெலி லென்ஸுக்கு (தூரத்தைக் கிட்டக் காட்டற தனி லென்ஸ்) மாறாது. பிரதான சென்சார்லயே வெட்டிப் பெரிசாக்கிக் கொடுத்துடும். டெலி லென்ஸை விரலால மறைச்சுப் பாருங்க. திரை இருண்டா உண்மையான டெலி, இருளலேன்னா ஏமாத்துது. ஏமாத்தினா நாலு அடி முன்னால போய் 1எக்ஸ்ல எடுங்க, தரம் நல்லாருக்கும்.

ரெண்டாவது, போன் தானாகக் கூர்மைப்படுத்தும். சாயத்துல இருக்கற மயிரிழை வெடிப்பையெல்லாம் அது கம்பளி நூல் மாதிரி ஆக்கிடும். விவரம் எடுக்கறப்ப ‘ரா’ கோப்பு எடுக்கற செயலி பாருங்க.

மூணாவது பனோரமா. நீளச் சுவரோவியத்துக்கு அதைப் பயன்படுத்தாதீங்க, நேர்க்கோடு வில்லா வளையும். மூணுல ஒரு பங்கு மேல்படியற மாதிரி, பக்கவாட்டுல நடந்து நடந்து தனித்தனியா எடுத்துட்டு வீட்ல இணைச்சுக்கங்க. எக்ஸ்போஷரையும் வெண்சமநிலையையும் பூட்டிட்டு ஆரம்பிக்கணும். இல்லேன்னா இணைச்ச இடத்துல பட்டை பட்டையா தெரியும்.

அரைநிழல்
மிலானில் லியொனார்தோ தா வின்சியின் ‘இறுதி இராவுணவு’ சுவரோவியத்துக்குச் சீட்டு கிடைத்துவிட்டது. எந்த லென்ஸ்?

கல்தச்சன்
35. சுவரில் ஓவியத்தின் அகலம் 8.8 மீட்டர், உயரம் 4.6. ஃபுல் ஃப்ரேமில் 35 மி.மீ. லென்ஸ் 10 மீட்டர் தொலைவில் 10 மீட்டருக்குச் சற்று அதிகமான அகலத்தைப் பிடிக்கும். அதனால் 10 மீட்டருக்குக் கொஞ்சம் பின்னால் நின்றால் ஓரத்தில் சுவாசிக்க இடமிருக்கும். நேரம் 15 நிமிடம்தான், அதற்குள் லென்ஸ் மாற்ற நேரமில்லை. அறைக்குள் போகுமுன் காத்திருக்கும் இடத்திலேயே ஃப்ளாஷை அணைத்து, ஐஎஸ்ஓ 3200, எஃப் 4 என்று வைத்துவிடுங்கள். முதல் சில நிமிடத்தில் எல்லோரும் ஓவியத்தின் அருகே முட்டுவார்கள், அப்போது பின்னால் நின்று முழுச் சுவரை எடுங்கள். அறையின் கோடுகளை ஓவியத்தின் கோடுகள் தொடர்வது அங்கிருந்துதான் தெரியும். அவர்கள் பின்னால் வரும்போது நீங்கள் முன்னால் போங்கள். உலர்ந்த சுவரில் தீட்டி உதிர்ந்துபோன ஓவியம் அது. மென்பொருளில் கான்ட்ராஸ்ட் ஏற்றினால் இல்லாத கோடுகள் பிறக்கும், அடக்கி வாசியுங்கள்.

சந்திலொருவன்
பாரிஸ் பட்டியல்ல இல்லை, இருந்தாலும் யாராவது தேடி வருவாங்க, அதனால மோனா லிசா கணக்கையும் இங்கேயே போட்டுடலாம். படம் 77 x 53 செ.மீ.தான். தடுப்புக் கம்பிக்குப் பின்னால கூட்டத்தோட 5 மீட்டர்ல நிக்கறீங்கன்னு வைங்க. போனோட 1எக்ஸ் லென்ஸ், அதாவது 26 மி.மீ., அந்தத் தூரத்துல கிட்டத்தட்ட 7 மீட்டர் அகலத்தைப் பிடிக்கும். 12 மெகாபிக்சல் படத்துல மோனா லிசாவுக்குக் கிடைக்கறது அகலத்துல 300 பிக்சல் சொச்சம். 77 மி.மீ. லென்ஸுன்னா 900 பிக்சல். கையை உசத்திப் பிடிச்சு எடுக்கற படம் எல்லாம் தபால்தலை ஆகறதுக்குக் காரணம் இதுதான். திரும்பி எதிர்ச்சுவரைப் பாருங்க, வெரொனேசேயோட ‘கானா திருமணம்’, 9.94 மீட்டர் அகலம். அதுக்கு முன்னால தாராளமா இடம் கிடைக்கும்.

கல்தச்சன்
இதோடு ஒரு கருத்து. முழு ஓவியத்தை நீங்கள் எடுக்கும் படம், அருங்காட்சியகம் எடுத்ததைவிட நன்றாக வரப்போவதில்லை. நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 2017-லிருந்து பதிப்புரிமை தீர்ந்த படைப்புகளின் படங்களை எந்தக் கட்டுப்பாடுமில்லாமல் பதிவிறக்கத் தருகிறது. வாஷிங்டன் தேசியக் கலைக்கூடமும் அப்படித்தான். வான் ஐக் சகோதரர்களின் கென்ட் பலிபீடத்தை இணையத்தில் தூரிகை மயிர் வரை நெருங்கிப் பார்க்கலாம். அவற்றில் பெரும்பாலும் இல்லாததை எடுங்கள்: பழைய சட்டத்தின் மரவேலை, பக்கவாட்டு ஒளியில் தெரியும் சாயத்தின் மேடுபள்ளம், பக்கத்தில் நிற்கும் ஆளோடு சேர்த்துப் பார்க்கும்போது தெரியும் அளவு. வெனிஸ் ஃப்ராரி ஆலயத்தில் தித்தியனின் ‘விண்ணேற்பு’ ஏறத்தாழ 7 மீட்டர் உயரம். அதைப் பாடகர் இருக்கைகளின் வளைவு வழியே தூரத்திலிருந்து 85-இல் எடுத்தால்தான் அவர் எந்த இடத்துக்காகத் தீட்டினார் என்பது புரியும்.

புளோரன்ஸ் அக்காதெமியாவில் மைக்கலாஞ்சலோவின் தாவீது சிலைக்கும் 85-தான். 5.17 மீட்டர் உயரச் சிலையின் காலடியில் நின்று அகல லென்ஸில் எடுத்தால் தலை எலுமிச்சம்பழமாகிவிடும். கூடத்தின் நடுவிலேயே நின்றுவிடுங்கள். மேலே கண்ணாடிக் கூரை, வெளியே மேகமிருந்தால் நிழல் மென்மையாக விழும். வெள்ளைச் சலவைக்கல் சட்டகத்தை நிரப்பினால் கேமராவின் ஒளிமானி ஏமாந்து இருட்டாக்கும், அரை முதல் ஒரு ஸ்டாப் வரை ஏற்றுங்கள்.

மின்மினி77
வெனிஸ்ல சான் ரோக்கோ சங்கக் கட்டடத்தையும் சேர்த்துக்கங்க. தின்தொரெத்தோவோட கூரை ஓவியங்களைப் பார்க்க அங்க கைக்கண்ணாடி கொடுப்பாங்க. பார்க்க வசதி, ஆனா அந்தக் கண்ணாடியைப் படமெடுத்தா இடம்வலம் மாறிடும். கூரைக்கு நேராக் கேமராவை மல்லாத்திப் பிடிங்க. ஐபோன் கேமரா அமைப்புல ‘லெவல்’ போட்டிருந்தா ரெண்டு கூட்டல் குறி வரும், ஒண்ணுமேல ஒண்ணு சேர்ந்தா மட்டம்.

அரைநிழல்
எடுத்த படங்களை அச்சிட்டு நாட்காட்டியாக விற்கலாமா? ஓவியர் செத்து 500 வருடம் ஆகிறதே.

கல்தச்சன்
பதிப்புரிமை இல்லை என்பது சரி. 2019-இல் வந்த ஐரோப்பிய ஒன்றியப் பதிப்புரிமை ஆணையும், பதிப்புரிமை தீர்ந்த ஓவியத்தின் நகலுக்குப் புதிய உரிமை பிறக்காது என்கிறது, நகலில் எடுத்தவரின் சொந்தப் படைப்பாற்றல் இருந்தாலொழிய. ஆனால் இத்தாலியில் பதிப்புரிமையைத் தாண்டிப் பண்பாட்டுச் சொத்துச் சட்டம் (2004) இருக்கிறது. வணிகத்துக்குப் பயன்படுத்தினால் ஓவியத்தை வைத்திருக்கும் நிறுவனத்திடம் அனுமதியும் கட்டணமும் கேட்கும் சட்டம் அது. லியொனார்தோவின் ‘வித்ருவிய மனிதன்’ ஓவியத்தைப் புதிர்ப்பலகையாக விற்ற ராவென்ஸ்பர்கர் நிறுவனத்துக்கு எதிராக 2022-இல் வெனிஸ் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024-இல் ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் நீதிமன்றம், அந்தச் சட்டம் இத்தாலிக்கு வெளியே செல்லாது என்றது. ஆகவே வலைப்பதிவில் போடலாம், நண்பர்களுக்கு அனுப்பலாம். இத்தாலியில் விற்பதானால் அந்த அருங்காட்சியகத்துக்கு முதலில் எழுதிக் கேளுங்கள். விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றுபவர்கள் அங்கே இதற்கென்று இருக்கும் இத்தாலிய எச்சரிக்கைக் குறிப்பையும் இணைத்துவிடுங்கள்.

அரைநிழல்
போலரைசர் வாங்கவில்லை, கறுப்புச் சட்டை எடுத்து வைத்தாயிற்று. கடைசிச் சந்தேகம். ஃப்ளாஷை அணைத்தபின்னும் காவலர்கள் ‘நோ ஃப்ளாஷ்’ என்று சத்தம் போடுவதாகச் சிலர் எழுதுகிறார்களே?

எண்ணெய்ச்சாயம்
அது குவிய உதவி விளக்கு. மங்கிய வெளிச்சத்தில் பாதி அழுத்தியதும் கேமராவின் முன்பக்கம் ஆரஞ்சு அல்லது பச்சை விளக்கு ஒன்று எரியும். காவலருக்கு அதுவும் ஃப்ளாஷ்தான், சட்டப்படியும் வெளிச்சம் வெளிச்சம்தான். ஃப்ளாஷ் மெனுவில் தேடாதீர்கள், ஆட்டோஃபோகஸ் மெனுவில் இருக்கும். புறப்படும் முதல்நாள் இரவு அறை விளக்கை அணைத்துவிட்டு, சுவரைப் பார்த்துப் பாதி அழுத்திப் பாருங்கள். சுவரில் எதுவும் தெரியக் கூடாது. போனிலும் இதே சோதனை செய்யுங்கள், கேமரா செயலியிலும், அரட்டைச் செயலிக்குள் திறக்கிற கேமராவிலும் தனித்தனியாக. ஒன்றில் அணைத்தது மற்றதில் எரிந்துகொண்டிருக்கும்.